இரு தெருவுக்கும் நடுவில் ஒரு ஆள்

கடலூரிலிருந்து பண்ருட்டிக்குப் போகும் சாலையில் நெல்லிக்குப்பத்தைத் தாண்டினால் மேல்பட்டாம்பாக்கம். வடக்கே தென்பெண்ணை, தெற்கே கெடிலம். நடுவில் கரும்பும் நெல்லும் விளையும் வண்டல் நிலம். இந்த வட்டாரத்தில் துப்பாக்கி என்றைக்குமே அதிகம் புழங்கிய பொருள் அல்ல. ஆனால் அடிதடியும் வெட்டும் பழிக்குப் பழியும் இங்கே புதியவை அல்ல. அவை மூளும் முன்பே தணிப்பது யார் வேலை, அதை எப்படிச் செய்வது என்ற கேள்விக்கு இந்த ஊர்கள் ஒவ்வொரு காலத்திலும் ஒவ்வொரு விடை வைத்திருந்தன. அன்றைய விடையில் ஒரு குறை, இன்றைய விடையில் வேறொரு குறை. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால்தான் எதை மீட்க வேண்டும், எதை மீட்கவே கூடாது என்பது தெரியும்.

பரண்மேல் இருந்த துப்பாக்கி

அன்று, நிலம் நிறைய வைத்திருந்த வீடுகளில் ஒன்றிரண்டில் உரிமம் பெற்ற ஒற்றைக் குழல் துப்பாக்கி இருக்கும். குழலின் வாய் வழியாகக் கருமருந்தைக் கொட்ட வேண்டும். அதன்மேல் தேங்காய் நாரையோ கந்தல் துணியையோ அடைத்துக் கம்பியால் இடித்துக் கெட்டிக்க வேண்டும். பிறகு ஈயக்குண்டுகளைப் போட்டு, மறுபடியும் அடைத்து, பின்புறம் கேப்பு பொருத்திச் சுட வேண்டும். ஒரு முறை சுட்டுவிட்டால் அத்தனையையும் முதலிலிருந்து செய்தாக வேண்டும். பன்றியையும் நரியையும் விரட்ட அது போதுமானதாக இருந்தது. ஆத்திரத்தில் ஒருவன் அதைத் தூக்கினாலும், மருந்து இடித்து முடிப்பதற்குள் வீட்டுப் பெண்களோ பக்கத்து வீட்டாரோ வந்து கையைப் பிடித்துவிட நேரம் இருந்தது.

அந்தத் துப்பாக்கி யாரிடம் இருக்கலாம் என்பதைச் சட்டம் தீர்மானித்தது. 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி இந்தியர் உரிமம் இல்லாமல் ஆயுதம் வைத்திருக்க முடியாது; ஐரோப்பியருக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. விடுதலைக்குப் பின் வந்த 1959ஆம் ஆண்டின் சட்டம் 1962 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தபோது அந்தப் பாகுபாடு போயிற்று. பயிரைக் காக்க மருந்து இடிக்கும் துப்பாக்கி வேண்டும் என்று உண்மையான தேவையோடு கேட்பவருக்கு உரிமம் தர அந்தச் சட்டமே இடம் வைத்தது. ஒருவர் எத்தனை வைத்துக்கொள்ளலாம் என்பதற்கு அன்று வரம்பு இல்லை. 1983இல் 3 என்று வரம்பு வந்தது. 2019 டிசம்பரில் அது 2 ஆகக் குறைந்தது. கல்யாணத்திலும் கொண்டாட்டத்திலும் பிறர் உயிருக்கு ஆபத்து வரும்படி சுட்டால் 2 ஆண்டு வரை சிறை என்பதும் அந்தத் திருத்தத்தில்தான் சேர்ந்தது.

இன்று, அந்தத் துப்பாக்கிகளை நாம் பார்க்கக் கிடைக்கும் ஒரே சமயம் தேர்தல்தான். தேர்தல் அறிவிப்பு வந்ததும் மாவட்ட ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் அமர்ந்த குழு உரிமங்களைப் பரிசீலிக்கிறது. வங்கிக் காவலுக்கானவை போன்ற சில விலக்குகள் போக, மற்றவற்றைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். சாக்குத் துணியில் சுற்றிய துப்பாக்கியோடு வயதானவர்கள் வருவார்கள். உரிமப் புத்தகத்தில் இருக்கும் எண்ணும் குழலில் பொறித்த எண்ணும் ஒன்றா என்று எழுத்தர் பார்ப்பார். பெயரும் எண்ணும் எழுதிய அட்டையை விசைக்குப் பக்கத்தில் நூலால் கட்டி, ரசீது எழுதித் தருவார். முடிவு அறிவித்துச் சில நாள் கழிந்ததும் அதே ரசீதைக் காட்டி வாங்கிப் போவார்கள். விற்க மனம் வராமல், தாத்தாவின் பொருள் என்பதற்காகவே பலர் உரிமத்தைப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறார்கள். துப்பாக்கி விஷயத்தில் அன்றைவிட இன்று இந்த ஊர்கள் அமைதியானவை என்று தயங்காமல் சொல்லலாம்.

அரிவாளும் அவுட்டுக்காயும்

ஆயுதம் துப்பாக்கியாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் வன்முறைக்கு இல்லை. கரும்பு வெட்டும் கத்தியும் தென்னை மட்டை சீவும் அரிவாளும் ஒவ்வொரு வீட்டிலும் உண்டு. அவற்றுக்கு உரிமம் கிடையாது. காட்டுப்பன்றிக்கு வெடிமருந்து அடைத்து வைக்கும் அவுட்டுக்காயைச் செய்யத் தெரிந்த கைக்கு நாட்டு வெடிகுண்டு செய்வதும் தூரமில்லை. கடலூர், புதுச்சேரி எல்லை ஊர்களில் கும்பல் பகையில் அந்தக் குண்டு வீசப்பட்ட செய்திகளை நாம் செய்தித்தாளில் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

அன்றைய பெரும் மோதல்கள் சாதியின் பெயரால் வந்தன. 1978 ஜூலையில் விழுப்புரத்தில் 12 தலித்துகள் கொல்லப்பட்டார்கள். அன்று விழுப்புரமும் கடலூரும் தென்னாற்காடு என்ற ஒரே மாவட்டம். 1987 செப்டம்பர் 17 முதல் ஒரு வாரம் இட ஒதுக்கீடு கேட்டு வன்னியர் சங்கம் நடத்திய சாலை மறியலில் மரங்கள் சாலைக்குக் குறுக்கே சாய்ந்தன, போலீஸ் சுட்டது, தலித் குடிசைகளும் எரிந்தன. அந்தப் போராட்டத்தில் உயிரிழந்த 21 பேருக்கு விழுப்புரத்தில் 2025 ஜனவரியில் மணிமண்டபம் திறக்கப்பட்டது. கோரிக்கையின் ஒரு பகுதி 1989இல் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கான 20 விழுக்காடாக நிறைவேறியது. ஆனால் அந்த ஒரு வாரத்தில் எரிந்த தெருக்களுக்கும் எரிக்க வந்த தெருக்களுக்கும் இடையே பேச்சு திரும்பப் பல ஆண்டுகள் ஆயின.

இன்றைய மோதல்கள் அளவில் சிறியவை, எண்ணிக்கையில் அதிகமானவை, தொடங்கும் வேகத்தில் வேறுபட்டவை. அன்று வாய்க்கால் தண்ணீர், சுடுகாட்டுப் பாதை, கோயில் முதல் மரியாதை என்று மாதக்கணக்கில் புகைந்து பற்றும். இன்று ஒரு தெரு வழியாக வேகமாகப் போன பைக், பள்ளிக்கூட வாசலில் ஒரு முறைப்பு, கைப்பேசியில் வைத்த ஒரு ஸ்டேட்டஸ், இவை போதும். காலையில் போட்ட படம் மாலையில் மருத்துவமனையில் முடிகிறது. ஆயுதம் எடுப்பவரின் வயதும் இறங்கியிருக்கிறது. அன்று மீசை நரைத்தவர்கள் முன்னால் நின்றார்கள். இன்று மீசை முளைக்காதவர்கள் நிற்கிறார்கள்.

சாவடியும் தொழுமரமும்

அன்றைய ஊரில் முன்சீப்பு, கணக்குப்பிள்ளை, தலையாரி, வெட்டியான் என்று ஒரு வரிசை இருந்தது. இரவில் தலையாரி தடியோடு சுற்றுவார். எந்த வீட்டுக்கு அசலூர் ஆள் வந்திருக்கிறான், யார் சாராயம் குடித்துவிட்டு யார் வாசலில் நின்று கத்தினான், எந்தக் களத்தில் நாலு பேர் கூடிப் பேசினார்கள் என்பது விடியும் முன் முன்சீப்புக்குத் தெரிந்துவிடும். காலையில் முன்சீப்பு ஆள் அனுப்பி இரண்டு தரப்பையும் தனித்தனியே கூப்பிட்டுப் பேசுவார். தேவையானால் இரு தரப்புக்கும் பொதுவான ஒருவர், வாத்தியாரோ பூசாரியோ மளிகைக் கடைக்காரரோ, இந்தத் தெருவுக்கும் அந்தத் தெருவுக்கும் இடையே நடப்பார். இந்தப் பக்கத்து வசவை அப்படியே அந்தப் பக்கம் சொல்ல மாட்டார். காரத்தைக் குறைத்து, விஷயத்தை மட்டும் கொண்டுபோவார். இரண்டாவது அடி விழாமல் போனதற்குப் பல முறை காரணம் அந்த ஆளின் நடைதான்.

அந்த ஏற்பாட்டின் அருமை அதன் வேகமும் நெருக்கமும். கையில் கத்தி எடுத்தவனின் அப்பா பெயர், கடன், கல்யாணம் தள்ளிப்போன தங்கை, எல்லாமே நடுவில் போனவருக்குத் தெரியும். யாரிடம் எந்தச் சொல் எடுபடும் என்பதும் தெரியும்.

ஆனால் அந்தச் சமாதானத்துக்கு விலை கொடுத்தவர்கள் யார் என்பதை மறந்துவிட்டு அதற்காக ஏங்கக் கூடாது. சென்னை மாகாணத்தின் 1816ஆம் ஆண்டு 11ஆம் ஒழுங்குச் சட்டம் ஊர்த் தலைவருக்குச் சின்னச் சச்சரவுகளைத் தண்டிக்கும் அதிகாரம் கொடுத்தது. வசவு, சிறு அடிதடி ஆகியவற்றுக்கு 12 மணி நேரம் வரை சாவடியில் அடைக்கலாம். குற்றவாளி தாழ்ந்த சாதி என்று கருதப்பட்டவராக இருந்தால் 6 மணி நேரம் வரை கால்களைப் பூட்டும் தொழுமரத்தில் மாட்டலாம். ஒரே குற்றம், சாதிக்கு ஒரு தண்டனை; அது சட்டப் புத்தகத்திலேயே அச்சாகி இருந்தது. சட்டம் மாறிய பின்னும் வழக்கம் சீக்கிரம் மாறவில்லை. ஊர்ப் பஞ்சாயத்தில் ஒரு தரப்பு திண்ணையில் உட்கார்ந்தது. மறு தரப்பு துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தள்ளி நின்றது. தெண்டம் கட்டுவதும் விழுந்து கும்பிடுவதும் பெரும்பாலும் நின்றவர்கள் பங்கு. சண்டை ஓய்ந்தது உண்மை. நியாயம் கிடைத்தது என்று சொல்ல முடியாது.

இந்தக் கேள்வி மேல்பட்டாம்பாக்கத்துக்கு மிகப் பழையது. லைப்சிக் மிஷனில் பணியாற்றிய கார்ல் ஆக்ஸ், திருச்சபைக்குள் சாதி வேறுபாட்டுக்கு இடம் கொடுக்கக் கூடாது என்று வாதாடி அதிலிருந்து பிரிந்தார். 1860களின் தொடக்கத்தில் அவர் வந்து பணி தொடங்கிய ஊர் இதுதான். சில ஆண்டுகளில் டேனிஷ் மிஷன் அந்தப் பணியை ஏற்றுக்கொண்டது. இன்று கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஆற்காடு லுத்தரன் திருச்சபையின் வேர் அங்கே இருக்கிறது. திருவிருந்தில் ஒரே பாத்திரத்தில் எல்லோரும் பருகலாமா என்ற அந்த வாதம் ஒரே பெஞ்சில் எல்லோரும் உட்காரலாமா என்று பள்ளிக்கூடத்திற்குள்ளும் வந்தது. சமாதானம் பேச வருகிறவர்கள் எப்படி உட்கார்கிறார்கள் என்பதிலேயே சமாதானத்தின் தரம் தெரிந்துவிடும் என்பதை இந்த மண் 160 ஆண்டுகளுக்கு முன்பே கேட்டிருக்கிறது.

எதிரெதிர் பெஞ்சுகள்

1980 நவம்பர் 14 அன்று எம்.ஜி.ஆர். அரசு முன்சீப்பு, கணக்குப்பிள்ளை பதவிகளை ஒழித்தது. பெரும்பாலும் ஒரே குடும்பங்களுக்குள் சுழன்ற அதிகாரம் போய், கிராம நிர்வாக அலுவலர் வந்தார். இன்று அவர் தேர்வாணையத் தேர்வு எழுதி வருகிறார். எந்தச் சாதியினரும் எந்த ஊருக்கும் வரலாம்; பெண்கள் பலர் வருகிறார்கள். அன்று நினைத்துப் பார்க்க முடியாத மாற்றம் இது. அதே சமயம் அவர் அசலூர்க்காரர். சில ஆண்டுகளில் மாறுதலாகிப் போகிறவர். தலையாரி கிராம உதவியாளர் ஆனார். இரவுச் சுற்று நின்றது.

1989இல் தாழ்த்தப்பட்டோர் பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது. 1995இல் அதற்கான விதிகள் வந்தன. அந்த விதிகளில் மூன்றாவதை ஒவ்வொரு ஊராட்சித் தலைவரும் ஒரு முறை படிக்க வேண்டும். வன்கொடுமை நடக்கக்கூடிய இடங்களை முன்கூட்டியே அடையாளம் காணச் சொல்கிறது அது. தேவைப்பட்டால் அந்தப் பகுதியில் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் அல்லாதவர்களின் ஆயுத உரிமங்களை ரத்துசெய்து ஆயுதங்களை அரசுக் கிடங்கில் வைக்கச் சொல்கிறது. சட்டவிரோதத் துப்பாக்கிகளைக் கைப்பற்றச் சொல்கிறது. கண்காணிப்புக் குழுக்கள் அமைக்கவும் விழிப்புணர்வு மையங்கள் தொடங்கவும் சொல்கிறது. அடி விழுந்த பின் வழக்குப் போடுவதோடு நில்லாமல், விழும் முன் தடுப்பதை அரசின் கடமையாக எழுதிவைத்த விதி அது. மாவட்ட ஆட்சியர் தலைமையிலான கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும் என்பதும் விதிதான்.

இன்று மோதல் மூளும் என்ற தகவல் வந்தால் கோட்டாட்சியர் அலுவலகத்திலோ வட்டாட்சியர் அலுவலகத்திலோ அமைதிப் பேச்சுவார்த்தை நடக்கிறது. ஒரு பக்கம் ஒரு தெரு, எதிர்ப்பக்கம் மறு தெரு, நடுவில் மேசை, காவல் துணைக் கண்காணிப்பாளர், வருவாய் ஆய்வாளர், கிராம நிர்வாக அலுவலர். இரு தரப்புக்கும் ஒரே மாதிரி நாற்காலி, ஒரே மாதிரி கிளாசில் டீ. இதைச் சின்ன விஷயம் என்று நினைப்பவர்கள் அன்றைய திண்ணையைப் பார்க்காதவர்கள். கடைசியில் ஒப்பந்தம் எழுதுகிறார்கள்: ஊர்வலம் எந்த வழி, எத்தனை மணிக்கு, மேளம் எங்கே நிற்கும். இரு தரப்பும் கையெழுத்துப் போடுகின்றன. அதையும் மீறி மிரட்டுபவர்மேல், முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107, 110 பிரிவுகளிலும் 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தின் 126, 129 பிரிவுகளிலும் பிணைப் பத்திரம் வாங்குகிறார்கள். அமைதி காப்பேன் என்று எழுதிக் கொடுப்பது 1 ஆண்டு வரை செல்லும். பழக்கக் குற்றவாளியின் நன்னடத்தைப் பத்திரம் 3 ஆண்டு வரை செல்லும்.

இந்தச் சட்டப் பாதை எவ்வளவு தேவை என்பதற்கு நம் மாவட்டமே சாட்சி. 2003 ஜூலையில் விருத்தாசலம் பக்கம் புதுக்கூரைப்பேட்டையில், சாதி மறுத்து மணந்துகொண்ட இளம் கணவனும் மனைவியும் ஊரார் முன்னிலையில் காதிலும் மூக்கிலும் நஞ்சு ஊற்றிக் கொல்லப்பட்டார்கள். நடுவில் போக வேண்டிய ஊர் நடுவில் போகவில்லை. கடலூர் சிறப்பு நீதிமன்றம் 2021 செப்டம்பரில் 13 பேரைத் தண்டித்தது: ஒருவருக்குத் தூக்கு, 12 பேருக்கு ஆயுள், தண்டிக்கப்பட்டவர்களில் காவல் துறையினரும் இருந்தார்கள். தூக்கு பின்னர் உயர் நீதிமன்றத்தில் ஆயுளாகக் குறைந்தது. பழைய ஊர்க்கட்டு தானாக நியாயம் செய்திருக்கும் என்று நம்புகிறவர்களுக்கு இந்த வழக்கு ஒன்றே பதில். சட்டம் வந்துசேர 18 ஆண்டுகள் ஆயின என்பதும் அதே வழக்கு சொல்லும் பாடம்.

நடுவில் போக ஆள் இல்லை

பெற்றதை இத்தனை சொன்ன பிறகு இழந்ததையும் சொல்ல வேண்டும். அன்று பேச்சு முதலில் வந்தது, அதிகாரம் பின்னால் வந்தது. இன்று அதிகாரம் வரும்போது பெரும்பாலும் ஆம்புலன்ஸ் வந்துபோயிருக்கிறது. அன்று தலையாரி கண்ணால் பார்த்ததை இன்று கேமரா பார்க்கிறது. கேமரா யார் வெட்டினான் என்று துல்லியமாகக் காட்டும். வெட்டப் போகிறவனின் தோளில் கைவைத்து வீட்டுக்குக் கூட்டிப்போகாது. அமைதிப் பேச்சுவார்த்தையில் கையெழுத்துப் போடுபவர்கள் ஐம்பது வயதுக்காரர்கள். சண்டை போட்டவர்கள் பதினெட்டு வயதுக்காரர்கள். அவர்கள் அந்த அறைக்கே வருவதில்லை.

இடையில் ஒரு முயற்சி நடந்தது. 1993இல் ராமநாதபுரம் மாவட்டத்தில் காவல் கண்காணிப்பாளராக இருந்த பிரதீப் வி. பிலிப் ‘போலீஸ் நண்பர்கள்’ குழுவைத் தொடங்கினார். அது மாநிலம் முழுவதும் பரவியது. காவல் நிலையத்துக்கும் தெருவுக்கும் இடையே உள்ளூர் இளைஞர்களே பாலமாக இருக்க வேண்டும் என்பது எண்ணம். திருவிழாக் கூட்டத்தை ஒழுங்குபடுத்துவதில் பல ஊர்களில் அவர்கள் உதவினார்கள். ஆனால் போகப்போக அவர்கள் தெருவின் ஆட்களாக இல்லாமல் நிலையத்தின் ஆட்களாகத் தெரியத் தொடங்கினார்கள். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் சித்திரவதைக்கு ஆளாகி இறந்தபோது இந்தக் குழுவினர்மேலும் குற்றச்சாட்டு எழுந்தது. அடுத்த மாதமே மாநிலம் முழுவதும் அது தடைசெய்யப்பட்டது. தடை சரியே. ஆனால் அது விட்டுப்போன இடம் காலியாகவே இருக்கிறது. இரு தெருவுக்கும் நடுவில் நடப்பவர் எந்த ஒரு பக்கத்துக்கும் கைத்தடி ஆகிவிடக் கூடாது என்பதுதான் அதிலிருந்து கற்க வேண்டியது.

மலையிலும் கடல் கடந்தும்

துப்பாக்கியையே நேரடியாக எதிர்கொண்ட ஊர்கள் நமக்கு மேற்கே இருக்கின்றன. கல்வராயன் மலையிலும் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட மலைக்கிராமங்களிலும் உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கிகள் நெடுங்காலமாக உண்டு. அன்று அதற்கு ஒரே வழி சோதனை. விடியற்காலையில் ஜீப் ஏறும், கூரையைப் பிரிப்பார்கள், கிடைத்தவர்மேல் வழக்கு விழும். துப்பாக்கிகள் இன்னும் ஆழமாகப் புதைக்கப்படும். பிறகு வேறொரு வழி வந்தது. ஊர்ப் பெரியவர்கள், ஊராட்சித் தலைவர்கள், கிராம நிர்வாக அலுவலர்கள் வழியாகப் போலீஸ் அறிவிக்கும்: குறித்த நாளுக்குள் தாமாக ஒப்படைத்தால் வழக்கு இல்லை. ஊர்ப் பொது இடத்தில் இரவோடு இரவாகத் துப்பாக்கிகள் வந்து சேரும். எது யாருடையது என்று கேட்பதில்லை. மறுநாள் ஊர்ப் பெரியவர்கள் அவற்றைக் காவல் நிலையத்தில் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். சோதனையில் சிக்காதது பேச்சில் வந்து சேர்ந்தது. அச்சம் நீங்கினால் ஆயுதம் தானாக வெளியே வரும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் நம் பக்கத்தில் இல்லை.

கடலுக்கு அப்பால் உள்ள ஊர்களும் சுற்றிவந்து இதே இடத்தில்தான் நின்றன. அமெரிக்காவில் 2021ஆம் ஆண்டு மட்டும் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் பாதிக்கு மேல் தற்கொலை. அந்த நாட்டின் பாஸ்டன் நகரத்தில் 1990இல் 152 கொலைகள் நடந்தன. 1992இல் அங்கே கறுப்பினப் போதகர்கள் இரவில் தெருவில் இறங்கிப் பையன்களோடு பேசத் தொடங்கினார்கள். 1996இல் போலீஸ், நன்னடத்தை அலுவலர்கள், சமூகப் பணியாளர்கள், போதகர்கள் ஒன்றுசேர்ந்து கும்பல் பையன்களையே நேரில் அழைத்து உட்காரவைத்தார்கள். சுட்டால் என்ன ஆகும் என்பதையும், விட்டுவிட்டால் என்ன உதவி கிடைக்கும் என்பதையும் ஒரே அறையில் சொன்னார்கள். 1999இல் அந்த நகரத்தில் கொலைகள் 31. எல்லாம் இந்த முயற்சியால் மட்டும் குறைந்தது என்று ஆய்வாளர்கள் சொல்வதில்லை; ஆனால் இதற்கும் பங்கு உண்டு என்பதில் பெரும்பாலோர் உடன்படுகிறார்கள். சிகாகோவில் 2000இல் தொற்றுநோய் மருத்துவர் கேரி ஸ்லட்கின் தொடங்கிய திட்டம், பழிக்குப் பழி என்பது ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவது என்று கண்டு, கும்பலில் இருந்து திருந்தியவர்களையே சம்பளம் கொடுத்து நடுவில் அனுப்பியது.

நம்மவர்கள் கதையும் அதில் உண்டு. கனடாவின் டொராண்டோவில், குறிப்பாக ஸ்கார்பரோவில், 1990களில் ஈழத்திலிருந்து அகதிகளாகச் சென்ற குடும்பங்களின் பையன்கள் சிலர் எதிரெதிர்க் கும்பல்களாகப் பிரிந்து துப்பாக்கியால் சுட்டுக்கொண்டார்கள். சம்பந்தமே இல்லாத மாணவர்களும் பலியானார்கள். 1990களின் இறுதியில் அங்கிருந்த தமிழ் இளைஞர்களே கனடியத் தமிழ் இளைஞர் மேம்பாட்டு மையத்தைத் தொடங்கினார்கள். பெற்றோருக்கும் பள்ளிக்கும் இடையே, போலீசுக்கும் தெருவுக்கும் இடையே நின்று பேசினார்கள். 2001 அக்டோபரில் போலீஸ் பெரிய வேட்டை நடத்திப் பலரைக் கைதுசெய்தது. கைது பெரியவர்களை அகற்றியது. அடுத்த வரிசைப் பையன்கள் அந்த இடத்துக்கு வராமல் இருக்க உழைத்தவர்கள் அந்த இளைஞர்கள். போரைப் பார்த்த குழந்தைகள் நிறைந்த தெருவில் அது எளிதான வேலை அல்ல.

இந்த மூன்று இடங்களிலும் பொதுவாக இருந்தவை சில. நடுவில் போனவர் அந்தத் தெருவுக்குத் தெரிந்தவர். போலீசோடு பேசுவார், போலீசின் ஆள் அல்ல. அடி விழும் முன்பே போவார். முதல் அடி விழுந்துவிட்டால் இரண்டாவதற்கு முன் போவார். எச்சரிக்கையோடு கூடவே வேலை, படிப்பு, வழக்கிலிருந்து வெளிவர ஒரு வழி என்று கையில் கொடுக்க ஏதாவது வைத்திருப்பார். பழைய முன்சீப்பின் ஊரில் இருந்த நெருக்கம் அது; அவர் திண்ணையில் இல்லாத சமத்துவமும் அதோடு சேர்ந்திருந்தது.

இன்று நம்மிடம் இருப்பவர்கள்

அப்படிப்பட்டவர்கள் நம் பக்கத்திலும் இல்லாமல் இல்லை. சேர்த்து வைக்கத்தான் ஆள் இல்லை. அன்று ஊருக்கு ஒரு வாத்தியார். இன்று ஒவ்வொரு பள்ளியிலும் பெற்றோர் அமர்ந்த மேலாண்மைக் குழு. அன்று பெண்கள் பஞ்சாயத்துக்கு வரவே முடியாது. இன்று மகளிர் சுய உதவிக் குழுக்கள் வாரந்தோறும் கூடுகின்றன. ஊராட்சிகளிலும் பேரூராட்சிகளிலும் பாதி இடங்கள் பெண்களுக்கு. எந்த வீட்டுப் பையன் வேலைக்குப் போகாமல் யாரோடு சுற்றுகிறான் என்பது அந்தக் குழுக்களுக்குப் போலீசுக்கு முன்பே தெரியும். கபடிப் பயிற்சி கொடுக்கும் அண்ணன்மார்கள் இருக்கிறார்கள். பையன்கள் அவர்கள் சொல்லைக் கேட்கிறார்கள். கோயில், தேவாலயம், பள்ளிவாசல் நிர்வாகிகள் இருக்கிறார்கள். கிராம நிர்வாக அலுவலர் இருக்கிறார். இவர்கள் எல்லோரும் ஒரே அறையில் உட்காருவது மோதல் நடந்த பிறகுதான்.

தை 5ஆம் நாள் ஆற்றுத்திருவிழாவை எடுத்துக்கொள்ளலாம். பெண்ணைக் கரையிலும் கெடிலக் கரையிலும் ஊர் ஊராகச் சாமிகள் வந்து இறங்கும்; கூட்டம் நெரியும்; பழைய பகை நேருக்கு நேர் வர அதைவிடத் தோதான இடம் இல்லை. அன்று யார் சாமி முதலில் என்பதை ஊர்ப் பெரியவர்கள் பேசி முடிவுசெய்தார்கள். கேட்கப்படாதவர்கள் கேட்கப்படாமலே போனார்கள். இன்று பந்தோபஸ்துக்குப் போலீஸ் வருகிறது. தடுப்புக் கட்டை, ஒலிபெருக்கி, கண்காணிப்புக் கோபுரம் எல்லாம் வருகின்றன. திருவிழாவுக்கு ஒரு மாதம் முன்பே எல்லாத் தெருக்களின் இளைஞர்களையும் கூப்பிட்டு உட்காரவைத்தால், போன வருஷம் முறைத்துக்கொண்டவர்களை இந்த வருஷம் கூட்ட ஒழுங்குக்கு ஒன்றாகப் பொறுப்பு ஏற்கச் சொன்னால், பந்தோபஸ்து தேவைப்படும் அளவே குறையும். அதற்குச் செலவு டீயும் பொறுமையும் மட்டுமே.

வன்கொடுமைத் தடுப்பு விதிகள் முன்கூட்டியே போகச் சொல்கின்றன. மலைக்கிராமங்கள் அச்சம் தராமல் போனால் ஆயுதம் வரும் என்று காட்டியிருக்கின்றன. ஸ்கார்பரோவின் பிள்ளைகள் அந்த வேலையை இளைஞர்களே செய்ய முடியும் என்று காட்டினார்கள். அன்றைய ஊர் நமக்குக் கொடுத்துவிட்டுப் போனது நடுவில் நடக்கும் பழக்கம். அதன் சாதித் திண்ணையை நாம் எடுத்துவைக்கத் தேவையில்லை. இன்றைய சட்டம் கொடுத்தது சமமான நாற்காலி. அந்த நாற்காலியைக் கோட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து தெருமுனைக்குக் கொண்டுவர வேண்டும். அங்கே ஐம்பது வயதுக்காரர்களோடு பதினெட்டு வயதுக்காரர்களும் உட்கார வேண்டும். ஒவ்வொரு பேரூராட்சியும் ஒவ்வொரு ஊராட்சியும் அப்படி ஒரு குழுவை, எல்லாத் தெருக்களின் ஆட்களும் பெண்களும் இளைஞர்களும் சேர்ந்ததாக, சண்டை இல்லாத நாளிலேயே அமைத்துக்கொள்ள முடியும். மேல்பட்டாம்பாக்கம் அதில் முதலாவதாக இருக்கலாம்; சமமாக உட்காருவது பற்றிய வாதத்தை மற்ற பல ஊர்களுக்கு முன்பே தொடங்கிய ஊர் அது.